கூர்மை கீழே, பேட்டரி மேலே: விமானப் பயணத்தில் சவரப் பொருள்களை எடுத்துச் செல்வது எப்படி? அந்தமான் பயணிகளுக்கான விளக்கம்

ஸ்ரீ விஜயபுரம்: விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில், கைப்பையின் ஓரத்தில் மறந்துபோய்க் கிடக்கும் ஒரு பிளேடு பொட்டலம் பயணியை வரிசையிலிருந்து விலக்கி நிறுத்தப் போதுமானது. சவரப் பொருள்களில் எதைக் கைப்பையில் வைக்கலாம், எதை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் 'செக்-இன்' பெட்டியில் வைக்க வேண்டும், எதை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும் என்பதை இத்தொகுப்பு விளக்குகிறது.

அந்தமானில் இது ஏன் முக்கியம்?

தெற்கு அந்தமான் மாவட்டத்தின் மூன்று வட்டங்களில் ஒன்று பெரார்கஞ்ச். 1923 முதல் 1931 வரை அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைமை ஆணையராக இருந்த மைக்கேல் லாயிட் பெரார் என்பவரின் பெயரால் இவ்வூர் அழைக்கப்படுகிறது. தமிழ், வங்காளம், தெலுங்கு, இந்தி, மலையாளம் எனப் பல மொழி பேசுவோர் கலந்து வாழும் தீவுகள் இவை. உயர் சிகிச்சை, கல்வி, தொழில், உறவினர் இல்ல நிகழ்ச்சிகள் எனப் பல காரணங்களுக்காக இங்குள்ள தமிழர்கள் சென்னைக்குப் பயணம் மேற்கொள்கின்றனர்.

சென்னைக்கும் ஸ்ரீ விஜயபுரத்துக்கும் இடையிலான வான்வழித் தொலைவு சுமார் 1,360 கிலோமீட்டர். கப்பலில் சென்றால் ஏறத்தாழ மூன்று நாள்கள் ஆகும். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரமே ஆகும். கப்பலில் சவரப் பெட்டியை அப்படியே எடுத்துச் சென்று பழகியவர்கள் முதன்முறையாக விமானம் ஏறும்போது தடுமாறுவது இயல்பு. போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்டு வந்த தலைநகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்ற பெயர் 2024 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. அங்குள்ள வீர சாவர்க்கர் சர்வதேச விமான நிலையத்தின் புதிய முனையம் 2023 ஜூலை 18 அன்று திறந்து வைக்கப்பட்டது.

பெரார்கஞ்சிலிருந்து சாலை வழியாக விமான நிலையத்தை அடைந்த பிறகு, தடை செய்யப்பட்ட ஒரு பொருளை வீட்டில் வைத்துவிட்டுத் திரும்பி வர நேரம் இருக்காது. எனவே, சோதனை வரிசையில் எடுக்க வேண்டிய முடிவை முந்தைய இரவே வீட்டில் எடுத்துவிடுவது நல்லது.

மூன்று கேள்விகள் போதும்

சவரப் பொருள்களின் பட்டியல் நீளமானது. ஆனால், ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து மூன்று கேள்விகளைக் கேட்டால் அதற்குரிய இடம் பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

முதலாவது: அதன் கூர்முனை வெளியே தெரிகிறதா, அல்லது எளிதில் கழற்றி எடுக்கக் கூடியதா? ஆம் எனில், செக்-இன் பெட்டியில் வைக்க வேண்டும்.

இரண்டாவது: அதற்குள் பேட்டரி இருக்கிறதா? ஆம் எனில், கைப்பையே உகந்த இடம்.

மூன்றாவது: அது திரவமா, களிம்பா, அழுத்தம் ஏற்றிய நுரைக் குப்பியா? ஆம் எனில், அளவைப் பார்க்க வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், கூர்மை கீழே சரக்குப் பகுதிக்கும், பேட்டரி மேலே பயணிகள் பகுதிக்கும், திரவம் அளவோடும் செல்ல வேண்டும்.

பிளேடும் ரேசரும்

மெல்லிய, இருபுறமும் கூர்மையுள்ள பிளேடைக் கைப்பிடியில் பொருத்தித் தேய்ந்ததும் மாற்றிக்கொள்ளும் முறைக்கு அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெட் 1904 நவம்பரில் காப்புரிமை பெற்றார். அதுவரை வழக்கிலிருந்த மடிப்புச் சவரக்கத்தியைவிட இது பாதுகாப்பானது என்பதால் 'பாதுகாப்பு ரேசர்' என்ற பெயர் நிலைத்தது. ஆனால் அந்தப் பாதுகாப்பு முகத்துக்கானது. விமானப் பாதுகாப்பின் பார்வையில், கழற்றி எடுக்கக்கூடிய பிளேடு ஓர் ஆயுதமாகவே கருதப்படுகிறது.

எனவே, தனி பிளேடுகள், பிரிக்கப்படாத பிளேடு பொட்டலங்கள், பிளேடு பொருத்திய பழைய வகை ரேசர், மடிப்புச் சவரக்கத்தி ஆகியவற்றைக் கைப்பையில் எடுத்துச் செல்ல அனுமதி இல்லை. இவற்றைச் செக்-இன் பெட்டியில் வைக்கலாம். பிளேடு இல்லாத வெறும் கைப்பிடிக்குப் பெரும்பாலும் தடை எழுவதில்லை. எனினும், சோதனைக் கருவியின் திரையில் அதன் உலோக வடிவம் ஐயத்தை எழுப்பும் என்பதால் அதையும் செக்-இன் பெட்டியில் வைப்பது உசிதம்.

பிளேடுகள் பிளாஸ்டிக் கூட்டுக்குள் நிலையாகப் பதிக்கப்பட்ட 'கார்ட்ரிட்ஜ்' வகை ரேசர்களும், ஒருமுறை பயன்படுத்தி எறியும் ரேசர்களும் பொதுவாகக் கைப்பையில் அனுமதிக்கப்படுகின்றன. அவற்றிலிருந்து பிளேடைத் தனியே பிரித்தெடுப்பது எளிதன்று என்பதே இதற்குக் காரணம். ஆயினும், ஒரு பொருளை அனுமதிப்பதா மறுப்பதா என்பதில் சோதனையிடும் பாதுகாப்பு அலுவலரின் முடிவே இறுதியானது.

கத்தரிக்கோல், முனை கூரான மீசைக் கத்தரி, கூர்மையான உலோக அரம் ஆகியவற்றைச் செக்-இன் பெட்டியில் வைப்பதே பாதுகாப்பு. சாதாரண நகவெட்டி பெரும்பாலும் தடுக்கப்படுவதில்லை. ஆனால் அதனுடன் சிறு கத்தி இணைந்திருந்தால் அது மறுக்கப்பட வாய்ப்பு உண்டு.

டிரிம்மரைக் கைப்பையில் வைப்பது ஏன்?

கூர்மையான பொருளைக் கீழே அனுப்பச் சொல்லும் அதே விதிகள், பேட்டரியைப் பயணிகளின் அருகிலேயே வைக்கச் சொல்கின்றன. இது முரண்பாடாகத் தோன்றலாம். காரணம் எளிது.

இன்றைய டிரிம்மர்கள், மின்சவரக் கருவிகள் பலவற்றிலும் லித்தியம் அயனி பேட்டரி உள்ளது. அது அழுந்தினாலோ, பழுதடைந்தாலோ, உள்ளே மின்கசிவு ஏற்பட்டாலோ தன்னைத்தானே சூடாக்கிக்கொண்டே சென்று தீப்பற்றக்கூடும். பயணிகள் பகுதியில் புகை எழுந்தால் பணிப்பெண்களும் பணியாளர்களும் உடனே கண்டு நீர் ஊற்றிக் குளிர்விப்பார்கள். சரக்குப் பகுதியில் தீ எழுந்தால் கையால் எட்டி அணைக்க எவரும் இல்லை. அங்குள்ள தீயணைப்பு வாயுவாலும் லித்தியம் பேட்டரியின் வெப்பப் பெருக்கத்தை முழுமையாக நிறுத்த இயலாது. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயில் விபத்துக்குள்ளான சரக்கு விமானத்தில் ஏராளமான லித்தியம் பேட்டரிகள் ஏற்றப்பட்டிருந்தன. அவ்விபத்தில் விமானிகள் இருவரும் உயிரிழந்தனர்.

ஆகவே, கழற்றி வைத்த உதிரி பேட்டரிகளையும் 'பவர் பேங்க்' எனப்படும் மின்சேமிப்புக் கருவிகளையும் செக்-இன் பெட்டியில் வைப்பது முற்றிலும் தடை செய்யப்பட்டுள்ளது. அவற்றைக் கைப்பையில் மட்டுமே எடுத்துச் செல்ல வேண்டும். பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்ட டிரிம்மரைச் செக்-இன் பெட்டியில் வைக்க நேர்ந்தால், அதை முழுமையாக அணைத்து, பொத்தான் தானாக அழுந்தாதவாறு உறையிட்டு வைக்க வேண்டும். பூட்டு வசதி உள்ள கருவியில் அதைப் பயன்படுத்துவது கட்டாயம் என்றே கொள்ளலாம்.

பேட்டரியின் பொது வரம்பு 100 வாட்-மணி. டிரிம்மர் இந்த எல்லையை நெருங்குவதே இல்லை. எடுத்துக்காட்டாக, 600 மில்லி ஆம்பியர்-மணியும் 3.7 வோல்ட்டும் கொண்ட பேட்டரியின் திறன் 2.22 வாட்-மணி மட்டுமே. 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க்கின் திறன் 74 வாட்-மணி. மில்லி ஆம்பியர்-மணியை வோல்ட்டால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் இக்கணக்கு கிடைக்கும்.

கிரீம், நுரை, நறுமணத் திரவம்

2006 ஆகஸ்டில், திரவ வெடிபொருள்களைக் கொண்டு விமானங்களைத் தகர்க்கும் சதியைப் பிரிட்டன் காவல்துறை முறியடித்தது. அதன் விளைவாகப் பிறந்ததே 100 மில்லி லிட்டர் வரம்பு. சர்வதேசப் பயணங்களில் கைப்பையில் வைக்கும் ஒவ்வொரு திரவப் புட்டியும், களிம்புக் குழாயும், நுரைக் குப்பியும் 100 மில்லி லிட்டருக்கு மிகாத கொள்ளளவு உடையதாக இருக்க வேண்டும். அவை அனைத்தையும் ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள, மூடித் திறக்கக்கூடிய, ஒளி ஊடுருவும் ஒரே பைக்குள் வைக்க வேண்டும்.

இங்கே பலரும் தவறுவது ஓர் இடத்தில். கணக்கில் கொள்ளப்படுவது புட்டியின் கொள்ளளவே தவிர, அதில் எஞ்சியிருக்கும் திரவத்தின் அளவு அன்று. 200 மில்லி லிட்டர் புட்டியின் அடியில் சிறிதளவு சவரத் தைலம் இருந்தாலும் அது மறுக்கப்படும்.

உள்நாட்டுப் பயணத்தில் திரவங்கள் மீதான கெடுபிடி சர்வதேசப் பயணத்தைப் போன்றதன்று. இருப்பினும், விமான நிறுவனத்துக்கு ஏற்ப விதிகள் மாறக்கூடும் என்பதால் புறப்படும் முன் அந்நிறுவனத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து சென்னை வந்து, அங்கிருந்து சிங்கப்பூர், மலேசியா, இலங்கை எனப் பிற நாடுகளுக்குச் செல்வோர் தொடக்கத்திலேயே சர்வதேச விதிக்கு ஏற்பப் பையை அடுக்கிவிட்டால், சென்னையில் மீண்டும் பிரிக்க வேண்டியதில்லை.

அழுத்தம் ஏற்றிய சவர நுரை, உடல் நறுமணத் தெளிப்பான், தலைமுடித் தெளிப்பான், வாசனைத் திரவியம் ஆகியவை செக்-இன் பெட்டியில் அனுமதிக்கப்படுகின்றன. ஆனால் ஒவ்வொரு குப்பியும் 500 மில்லி லிட்டர் அல்லது 500 கிராமுக்கு மிகாமல், மொத்தம் ஒரு பயணிக்கு 2 லிட்டர் அல்லது 2 கிலோவுக்கு மிகாமல் இருக்க வேண்டும். அழுத்தும் முனை மூடியால் மூடப்பட்டிருக்க வேண்டும். மூடி தொலைந்த குப்பியை எடுத்துச் செல்லாதிருப்பதே நல்லது. ஒரு துணிமணி அழுத்தினாலே அது பெட்டிக்குள் பீய்ச்சிவிடும்.

படிகாரம்: எளிய மாற்று

திரவ விதியிலிருந்து முற்றிலும் விடுபட விரும்புவோருக்கு நம் முன்னோர் பயன்படுத்திய பொருள் ஒன்றே துணை நிற்கிறது. அது படிகாரக் கட்டி. சவரத்துக்குப் பின் ஈரமான முகத்தில் தேய்த்தால் சிறு கீறல்களின் குருதிக் கசிவை நிறுத்தும், தோலை இறுக்கும். அது திடப்பொருள் என்பதால் 100 மில்லி லிட்டர் வரம்பு அதற்குப் பொருந்தாது. அதுபோலவே, கிரீமுக்கு மாற்றாகக் கட்டியான சவரச் சோப்பை எடுத்துச் செல்லலாம். சோப்பு, படிகாரம், தூரிகை, கார்ட்ரிட்ஜ் ரேசர் ஆகிய நான்கும் இருந்தால், கைப்பையுடன் மட்டும் செல்லும் பயணிக்குச் சவரத்துக்கு வேறு எதுவும் தேவைப்படாது.

முகப்பவுடருக்கு இந்தியாவில் சிக்கல் இல்லை. ஆனால் அமெரிக்கா, ஆஸ்திரேலியா செல்லும் விமானங்களில் 350 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட பவுடர் கைப்பையில் இருந்தால் கூடுதல் சோதனைக்கோ மறுப்புக்கோ உள்ளாகலாம்.

தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயும் திரவமே. அதைச் சிறு புட்டியில், கசியாத உறைக்குள் வைக்க வேண்டும். தென்னை மிகுந்த தீவிலிருந்து உறவினருக்குக் கொப்பரை எடுத்துச் செல்ல நினைப்போர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். எண்ணெய்ச் சத்து மிகுந்த கொப்பரை தானே வெப்பமடைந்து தீப்பற்றக்கூடிய பொருள் என வகைப்படுத்தப்பட்டுள்ளதால், பயணியின் பெட்டியில் அதற்கு அனுமதி இல்லை.

புட்டி கசிவது ஏன்?

வானில் பறக்கும்போது விமானத்தின் உட்புறக் காற்றழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதுபோல் இருப்பதில்லை. அது கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் நிலவும் அழுத்தத்துக்கு இணையாக வைக்கப்படுகிறது. நமக்குத் தெரிந்த இடத்தைக் கொண்டு சொன்னால், ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தின் காற்றழுத்தம் அது. கடற்கரையில் மூடிய புட்டியைச் சில நிமிடங்களில் உதகைக்குக் கொண்டுசென்றால் என்ன நிகழுமோ, அதுவே பெட்டிக்குள்ளும் நிகழ்கிறது. புட்டியினுள் இருக்கும் காற்று விரிவடைந்து, திரவத்தை மூடியின் வழியே வெளியே தள்ளுகிறது.

இதைத் தடுக்க, நெகிழிப் புட்டியை மூடும் முன் சற்றே அழுத்தி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றலாம். மூடியைக் கழற்றி, வாய்ப்பகுதியில் சிறு நெகிழித் தாளை வைத்து மீண்டும் திருகலாம். அதன்பின் தனி உறையிட்டு, துணிகளிலிருந்து விலக்கி வைக்க வேண்டும்.

தீவின் ஈரக்காற்று மற்றொரு சிக்கல். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லி மீட்டர் மழை பெறும் அந்தமானில், ஈரத்துடன் மூடிவைத்த பிளேடு விரைவில் துருப்பிடிக்கும். பயன்படுத்திய ரேசரை உதறி, உலர்த்தி, மூடியிட்ட பின்னரே பைக்குள் வைக்க வேண்டும்.

முடிதிருத்தும் தொழிலாளர்கள் கவனத்துக்கு

வேலைக்காகத் தீவுகளுக்கும் தலைநிலத்துக்கும் இடையே பயணிக்கும் முடிதிருத்தும் தொழிலாளர்களுக்குச் சவரப் பெட்டி வெறும் பயணப் பொருள் அன்று, அதுவே பிழைப்பு. சோதனையில் கைவிடப்படும் ஒரு நல்ல கத்தரிக்கோல் பல நாள் கூலிக்குச் சமம். எனவே கத்தரிக்கோல், பிளேடு மாற்றும் சவரக்கத்தி, பிளேடு பொட்டலங்கள் ஆகியவற்றைத் தடித்த துணியிலோ தோல் உறையிலோ சுற்றி, செக்-இன் பெட்டியின் நடுப்பகுதியில் வைக்க வேண்டும். பெட்டியைத் திறந்து சோதிக்கும் ஊழியரின் கையை வெட்டாதவாறு கூர்முனைகள் மூடப்பட்டிருப்பது அவசியம். டிரிம்மர்களையும் அவற்றின் உதிரி பேட்டரிகளையும் கைப்பையில் எடுத்துச் செல்ல வேண்டும்.

பெரும்பாலான உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புப் பயணிக்குச் செக்-இன் பெட்டிக்கு 15 கிலோவும் கைப்பைக்கு 7 கிலோவும் அனுமதிக்கப்படுகின்றன. செக்-இன் பெட்டி இல்லாத குறைந்த கட்டணச் சீட்டு வாங்கும் முன், கூர்மையான கருவிகளுக்கு வேறு வழியே இல்லை என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

பெட்டி சேதமடைந்தோ வராமலோ போனால், விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே விமான நிறுவன முகப்பில் முறையிட்டு, எழுத்துப்பூர்வமான பதிவைப் பெற வேண்டும். தீர்வு கிடைக்காவிடில், மத்திய சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் 'ஏர்சேவா' தளத்தில் புகார் அளிக்கலாம்.

சிகிச்சைக்குச் செல்வோர் அறிய வேண்டியது

அறுவை சிகிச்சைக்காகச் சென்னைக்கு வருவோர் சிலர், மருத்துவமனையில் சேரும் முன் தாங்களே உடலைச் சவரம் செய்துகொள்கின்றனர். இது தவறு. அறுவை செய்யவுள்ள இடத்தில் முடியை அகற்றாமல் விடுவதோ, மிகத் தேவையெனில் முடிவெட்டும் கருவியால் மட்டும் அகற்றுவதோ நல்லது என 2016-இல் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. ரேசரால் சவரம் செய்வதை அது எல்லா நிலையிலும் தவிர்க்கச் சொல்கிறது. பிளேடு ஏற்படுத்தும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் கிருமித் தொற்றுக்கு வழிவகுக்கும் என்பதே காரணம்.

குருதி உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோருக்குப் பிளேடைவிட மின்சவரக் கருவி ஏற்றது. எல்லோருக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்றும் உண்டு. சோதனையில் ரேசரை இழந்துவிட்டால், தங்கும் விடுதியிலோ உறவினர் வீட்டிலோ பிறர் பயன்படுத்திய ரேசரைக் கடன் வாங்கக் கூடாது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் இவ்வழியாகப் பரவக்கூடும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் ரேசர் எந்தப் பெட்டிக் கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும்.

விதிகளின் பின்னணி

இந்தியாவில் விமானப் பாதுகாப்பு விதிகளை வகுப்பது சிவில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம். 1978-இல் சிறு பிரிவாகத் தொடங்கப்பட்ட இது, 1985 ஜூனில் நிகழ்ந்த 'கனிஷ்கா' விமானக் குண்டுவெடிப்புக்குப் பின், 1987 ஏப்ரல் 1 முதல் தனித்துறையாக இயங்கி வருகிறது. 1999 டிசம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் கடத்தப்பட்டதை அடுத்து, 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி, விமான நிலையங்களின் பாதுகாப்புப் பணி மத்திய தொழில் பாதுகாப்புப் படையிடம் படிப்படியாக ஒப்படைக்கப்பட்டது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின், சிறு பிளேடுகள் மீதான பார்வையும் உலகெங்கும் கடுமையானது. சவரப் பெட்டி மீதான ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்குப் பின்னும் இத்தகைய ஒரு நிகழ்வு இருக்கிறது.

சோதனையில் பொருள் தடுக்கப்பட்டால்?

பதற்றமோ வாக்குவாதமோ வேண்டாம். நேரம் இருந்தால், பாதுகாப்பு அலுவலரிடம் கூறிவிட்டு விமான நிறுவன முகப்புக்குத் திரும்பி, பொருளைச் செக்-இன் பெட்டியில் சேர்க்க இயலுமா எனக் கேட்கலாம். வழியனுப்ப வந்தவர்கள் வெளியே இருந்தால் அவர்களிடம் ஒப்படைக்கலாம். இரண்டுக்கும் வாய்ப்பில்லை எனில், பொருளைக் கைவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. இக்காரணத்தாலேயே, வழியனுப்ப வந்தவர்களைச் சோதனை முடியும் வரை காத்திருக்கச் சொல்வது பயன் தரும்.

ஒரே பார்வையில்

கைப்பையில் வைக்கலாம்: கார்ட்ரிட்ஜ் ரேசர், ஒருமுறை பயன்படுத்தும் ரேசர், டிரிம்மர், மின்சவரக் கருவி, சவரச் சோப்பு, படிகாரம், தூரிகை, சீப்பு, 100 மில்லி லிட்டருக்கு மிகாத கிரீம் மற்றும் தைலம்.

கைப்பையில் மட்டுமே வைக்க வேண்டும்: உதிரி லித்தியம் பேட்டரிகள், பவர் பேங்க்.

செக்-இன் பெட்டியில் வைக்க வேண்டும்: தனி பிளேடுகள், பிளேடு பொருத்திய பழைய வகை ரேசர், சவரக்கத்தி, கத்தரிக்கோல், பெரிய நுரைக் குப்பிகள், பெரிய தைலப் புட்டிகள்.

தவிர்க்க வேண்டும்: மூடியில்லாத நுரைக் குப்பி, வீங்கிய அல்லது பழுதடைந்த பேட்டரி கொண்ட டிரிம்மர், கொப்பரை.

விதிகள் காலத்துக்கேற்பத் திருத்தப்படுபவை என்பதால், பயண நாளுக்கு முன் விமான நிறுவனத்தின் அறிவிப்பை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது பயணிகளின் பொறுப்பாகும்.